சாட்சி சொல்லும் சாதனங்கள்



1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21-ஆம் நாள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள டைலர் என்னும் ஊரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக வந்த ஒருவர் கனத்த சுவர்களையுடைய அறைக்குள் தனியே படுத்திருக்கிறார். வெளியே கணிப்பொறித் திரையின் முன் இயந்திரத்தை இயக்கும் பெண்மணி அமர்ந்திருக்கிறார். 'தெராக்-25' என்பது அந்த இயந்திரத்தின் பெயர். கனடா நாட்டின் அரசு நிறுவனம் ஒன்று உருவாக்கிய அது முழுக்க முழுக்கக் கணிப்பொறியின் கட்டுப்பாட்டில் இயங்கியது.

எலக்ட்ரான் சிகிச்சை என்பதற்கு 'இ' என்ற எழுத்தை அழுத்த வேண்டிய அப்பெண்மணி, பழக்கத்தினால் எக்ஸ்-கதிருக்குரிய 'எக்ஸ்' எழுத்தை அழுத்திவிட்டார். தவற்றை உடனே உணர்ந்து திருத்தினார். சிகிச்சையைத் தொடங்கப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் நின்றது. திரையில் 'மால்ஃபங்ஷன் 54', அதாவது 'கோளாறு 54' என்று ஒரு வரி தோன்றியது. கொடுக்க வேண்டிய அளவைவிடக் குறைவான கதிர்வீச்சே சென்றிருப்பதாக அதே திரை காட்டியது. இத்தகைய கோளாறு வரிகள் நாள்தோறும் பலமுறை வந்து போவது வழக்கம். எனவே அவர் 'தொடர்க' என்பதற்குரிய பொத்தானை மீண்டும் அழுத்தினார்.

உள்ளே படுத்திருந்தவரை அளவுக்கு மீறிய கதிர்வீச்சு அதற்கு முன்பே தாக்கிவிட்டது. இரண்டாம் முறையும் தாக்கியது. ஐந்து மாதங்களுக்குப் பின் அவர் இறந்து போனார். ஏப்ரல் 11-ஆம் நாள் அதே மருத்துவமனை, அதே பெண்மணி, அதே 'கோளாறு 54'. இம்முறை வேறொரு நோயாளி. அவர் மே 1-ஆம் நாள் உயிர் நீத்தார்.

இயந்திரம் மனிதர்களிடம் ஏதோ ஒன்றைச் சொல்ல முயன்றது. சொன்னதோ ஓர் எண்ணை மட்டும்! அந்த எண்ணுக்குரிய விளக்கத்தைத் தேடினால், கிடைத்தது 'அளவு உள்ளீடு 2' என்ற பொருளில் இரண்டொரு சொற்களே. அளவு கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, ஏன் அவ்வாறு ஆயிற்று என்பது எதுவும் அதில் இல்லை.

பிறகு உண்மையைக் கண்டறிந்தவர் யார்? இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தாரால் முதலில் அக்கோளாற்றை மீண்டும் தோன்றச் செய்ய இயலவில்லை. மருத்துவமனையின் இயற்பியலறிஞரும் அந்தப் பெண்மணியும் சேர்ந்தமர்ந்து, அன்று அழுத்திய பொத்தான்களை அதே வரிசையில், அதே வேகத்தில் மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தனர். வேகம்தான் காரணம் என்று தெரிந்தது. இயந்திரத்தின் காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும். அந்த 8 விநாடிகளுக்குள் திருத்தம் செய்து முடித்துவிட்டால், திரையில் திருத்தம் தெரியும். இயந்திரத்தின் உட்புறமோ அதனை அறியாது. 1985 முதல் 1987 வரை இவ்வகை இயந்திரங்களால் ஆறு பேர் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

இந்தத் துயரச் செய்தியை இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஏன் நினைவூட்டுகிறேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். செயற்கை நுண்ணறிவுப் பணியாட்களிடம், சாதனங்களின் உள்ளே நடப்பதைப் படித்தறியும் கருவிகளை மனிதர்கள் இன்று ஒப்படைக்கத் தொடங்கியுள்ளார்கள். அது நல்லதா, கெட்டதா, எந்த அளவுக்கு நல்லது என்பதைச் சிந்திக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. அந்தச் சிந்தனைக்கு 'கோளாறு 54' நல்லதொரு வாயில்.

கப்பலேடும் கருவியேடும்

நம் கடற்கரை ஊர்களில் கப்பலில் பணியாற்றியவர்கள் இல்லாத தெருவே இராது. அவர்களைக் கேட்டால் 'லாக் புக்' என்றால் என்ன என்று சொல்வார்கள். முற்காலத்தில் மாலுமிகள் கயிறு கட்டிய மரத்துண்டைக் கடலில் எறிந்து, கயிறு எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக் கப்பலின் வேகத்தைக் கணித்தனர். மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். அந்தக் கணக்கை எழுதி வைத்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. நாளடைவில் காற்றின் திசை, கடந்த தூரம், கப்பலில் நடந்தவை யாவும் நேரத்தோடு அதில் பதியப்பட்டன. விபத்து நேர்ந்தால் விசாரணையின் முதல் சாட்சி அந்த ஏடுதான்.

இன்று உங்கள் வீட்டிலுள்ள துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்ளும், இன்வெர்ட்டருக்குள்ளும், சர்க்கரை அளவு பார்க்கும் மீட்டருக்குள்ளும் சிறிய கணிப்பொறிச் சில்லு ஒன்று பொதிந்து கிடக்கிறது. 'மைக்ரோகண்ட்ரோலர்' என்பார்கள். பெரும்பாலும் அதற்கு விசைப்பலகையும் இல்லை. செய்திகளை விரித்துக் காட்டும் திரையும் இல்லை. அதை உருவாக்கும் பொறியாளர் அதனோடு எப்படிப் பேசுவார்? சில்லின் ஓரத்திலிருந்து மூன்று கம்பிகளை வெளியே இழுப்பார். ஒன்று அது பேச. ஒன்று அது கேட்க. மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான தரைக்கம்பி. அந்தக் கம்பியின் வழியே சில்லு தன் நிலைமையை வரி வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். 'விழித்தேன், வைஃபையைத் தேடுகிறேன், கிடைத்தது, வெப்பமானியைக் கேட்டேன், விடை இல்லை' என்பன போன்ற வரிகள். இதற்குத்தான் 'டிபக் லாக்' என்று பெயர். நாம் 'பதிவேடு' என்றே வைத்துக்கொள்வோம்.

செவ்வாயிலிருந்து ஒரு புதிர்

பதிவேடு சரியாக இருந்தால் என்ன நன்மை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் 'மார்ஸ் பாத்ஃபைண்டர்' விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே வியந்தது. சில நாட்களில் ஒரு தொல்லை தலைகாட்டியது. விண்கலத்தின் கணிப்பொறி திடீர் திடீரென்று தன்னைத்தானே நிறுத்தி மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும் கணிப்பொறியின் மூடியைத் திறந்து பார்ப்பது எப்படி?

பொறியாளர்களிடம் அதே போன்ற மற்றொரு கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நடப்பவை அனைத்தையும் பதியும் வசதியை அதில் திறந்து வைத்து, பல மணி நேரம் ஓடவிட்டு, அதே கோளாறு தோன்றும்வரை காத்திருந்தனர். தோன்றியது. பதிவேட்டை வரி வரியாகப் படித்தனர். காரணம் வெளிப்பட்டது.

எளிதாகச் சொல்வதானால் இப்படி. ஒரு வீட்டில் ஒரே சாவியுள்ள ஓர் அறை. அவசரமற்ற வேலை செய்யும் சிறுவன் சாவியோடு உள்ளே இருக்கிறான். மிக அவசரமான வேலையுள்ள பெரியவர் வாசலில் சாவிக்காகக் காத்து நிற்கிறார். இதற்கிடையே நடுத்தர அவசரமுள்ள ஒருவர் வந்து, 'என் வேலையை முதலில் செய்' என்று சிறுவனைப் பிடித்துக்கொள்கிறார். சிறுவன் வேலையை முடிக்கவில்லை, சாவியும் திரும்பவில்லை, பெரியவரின் அவசர வேலை நின்று போயிற்று. 'பெரியவர் வேலை முடியவில்லையே!' என்று கண்ட காவலாளி, வீடு முழுவதையும் முதலிலிருந்து தொடங்கச் செய்துவிடுகிறான். விண்கலத்தில் அந்தச் சிறுவன் வானிலைக் கணக்கெடுக்கும் வேலை. பெரியவர், செய்திகளைப் பகிர்ந்தளிக்கும் வேலை.

மருந்தும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பெரியவர் காத்திருக்கும் வரையில் அவருடைய தகுதியைச் சிறுவனுக்கு இரவல் கொடுத்துவிட்டால், நடுவில் வருபவர் அவனைத் தடுக்க இயலாது. லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர் 1990-இல் இம்முறையை விரிவாக விளக்கி ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தனர். இவர்களுள் ராஜ்குமார் நம் கோயம்புத்தூரில் பொறியியல் பட்டம் பெற்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பாத்ஃபைண்டரில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. ஆனால் மூடி வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து செய்தி அனுப்பி அதைத் திறந்தனர். தொல்லை நீங்கிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் சாட்சிக்கு முறையாகப் பேசத் தெரிந்திருந்தது. அதைப் பொறுமையாகக் கேட்பவர்களும் இருந்தனர். மற்றொன்றில் சாட்சிக்குப் பேச்சே கற்பிக்கப்படவில்லை.

கண்ணில்லாத ஆலோசகர்

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு என்று நாம் கேள்விப்படும் மொழி மாதிரிகள், ஏராளமான எழுத்துகளைக் கற்று, கேட்ட கேள்விக்குப் பொருத்தமான விடையைச் சொல் சொல்லாகக் கோத்துத் தருபவை. அவற்றின் நாவன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் மேசை மேலுள்ள சாதனத்தை அவை கண்டதில்லை.

ஓர் இளைஞர் தம் வீட்டு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் காட்டும் சிறு சாதனம் ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இஎஸ்பி-32' என்ற விலை குறைந்த சில்லை அதற்குப் பயன்படுத்துகிறார். சாதனம் அடிக்கடி நின்று நின்று மீண்டும் தொடங்குகிறது. 'ஏன் இப்படி?' என்று செயற்கை நுண்ணறிவைக் கேட்கிறார். அது தயங்காமல் பதில் சொல்கிறது: நினைவகம் நிரம்பியிருக்கலாம்; காவல் கடிகாரம் தட்டி எழுப்பியிருக்கலாம்; நிரலில் இந்தப் பகுதியை மாற்றுங்கள். மாற்றுகிறார். மீண்டும் நிற்கிறது. இன்னொரு காரணம் சொல்கிறது. இன்னொரு பகுதியை மாற்றுகிறார். இரவு கழிந்து விடுகிறது. நன்றாக இருந்த நிரலும் உருக்குலைந்து போகிறது.

அந்தச் சில்லோ, நிற்கும் ஒவ்வொரு முறையும் தன் கம்பியின் வழியே 'ப்ரவுன்-அவுட்' என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தது. மின்னழுத்தம் வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது அதன் பொருள். வைஃபை அலையை அனுப்பும் கணத்தில் சில்லுக்குத் திடீரென்று மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். மெல்லிய, தரமற்ற மின்கம்பியாக இருந்தால் அந்தக் கணத்தில் அழுத்தம் சரிந்துவிடும். குற்றம் நிரலில் இல்லை, கம்பியில்! நல்ல கம்பியை மாற்றினால் முடிந்துவிடக்கூடிய வேலைக்கு ஓர் இரவு வீணாயிற்று. ஏன்? ஆலோசனை சொன்னவருக்குக் கண் இல்லை.

'பதிவேட்டின் வரிகளை அந்த இளைஞரே எடுத்துக் கொடுக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மனிதர் தமக்கு முக்கியம் என்று தோன்றிய நான்கு வரிகளைத்தான் எடுத்துக் கொடுப்பார். உண்மைக் காரணமோ அதற்கு முந்நூறு வரிகளுக்கு முன்னால் ஒளிந்து கிடக்கும். சாட்சியை நீதிபதியே நேரில் கேட்பதற்கும், மற்றொருவர் வாயிலாகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இதற்குத்தான் கருவிகள் வேண்டும். 'ஏஜெண்ட்' எனப்படும் செயற்கை நுண்ணறிவுப் பணியாள், விடை எழுதுவதோடு நில்லாமல், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கருவிகளைத் தானே அழைத்து, அவை தரும் முடிவைப் படித்து, அடுத்த அடியைத் தீர்மானிக்கும். அது நேரே கம்பியைத் தொடுவதில்லை. 'கடைசி 100 வரிகளைக் கொடு' என்று கேட்டு எழுதும். கணிப்பொறியிலுள்ள ஒரு சிறு நிரல் அதை நிறைவேற்றி, கிடைத்த வரிகளைத் திருப்பித் தரும். இப்படிக் கேட்கவும் கொடுக்கவும் ஒரு பொதுமுறை இருக்கட்டும் என்று 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்பதை வெளியிட்டது. அதற்குப் பின் இத்தகைய கருவிகளைச் செய்வது எளிதாயிற்று.

கேட்பதற்கும் முறை உண்டு

கருவி கொடுத்தால் போதுமா? போதாது. கேட்கும் முறை தெரியாதவன் கையில் நல்ல சாட்சியும் வீண்.

முதலாவது, அளவு. இவ்வகைக் கம்பிகளில் பெரிதும் வழங்கும் வேகம் விநாடிக்கு 1,15,200 பிட்டுகள். ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள் வீதம் கணக்கிட்டால் விநாடிக்கு 11,520 எழுத்துகள். இடைவிடாது பேசினால் ஒரு மணி நேரத்தில் 4 கோடியே 14 இலட்சத்து 72 ஆயிரம் எழுத்துகள்! இவ்வளவையும் பணியாளின் முன் கொட்டினால் அது திணறிப் போகும். முக்கியமான வரி மற்றவற்றில் மூழ்கிவிடும். எனவே நல்ல கருவி மூட்டையை அவிழ்த்துக் கொட்டாது. கடைசி வரிகளை மட்டும் கொடுக்கும். குறிப்பிட்ட சொல்லைத் தேடிக் கொடுக்கும். இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை என்று பிரித்துக் கொடுக்கும். இந்த வரி எத்தனை முறை வந்தது என்று எண்ணிச் சொல்லும்.

இரண்டாவது, வேகப் பொருத்தம். சில்லு பேசும் வேகமும் நாம் கேட்கும் வேகமும் ஒத்திருக்க வேண்டும். 'இஎஸ்பி-8266' என்ற பழைய சில்லு விழித்தெழும்போது பொதுவாக விநாடிக்கு 74,880 என்ற வழக்கத்துக்கு மாறான வேகத்தில் பேசும். வேறு வேகத்தில் கேட்டால் பொருளற்ற கிறுக்கலே கிடைக்கும். அந்தக் கிறுக்கலுக்கும் பொருள் சொல்ல முற்படுவது மொழி மாதிரியின் பலவீனம். 'இது படிக்கத் தக்கதாக இல்லை. வேகத்தைச் சரிபார்' என்று கருவியே எச்சரிக்க வேண்டும்.

மூன்றாவது, முகவரி. சில்லு நிலைகுலைந்து விழும்போது, எங்கே விழுந்தது என்பதை வெறும் எண்களாகச் சொல்லும். நிரலைத் தொகுத்தபோது உண்டான கோப்பைக் கொண்டு அந்த எண்ணை 'இன்ன பக்கம், இன்ன வரி' என்று மாற்றலாம். ஆனால் சாதனத்தில் ஓடும் நிரல் நேற்றையதும், கோப்பு இன்றையதுமாக இருந்துவிட்டால், காட்டப்படும் வரி தவறாக இருக்கும்; குற்றமற்ற வரி குற்றவாளிக் கூண்டில் நிற்கும். இரண்டும் ஒன்றா என்று சரிபார்க்காத கருவி ஆபத்தானது.

நான்காவது, மிக நுட்பமானது. கேட்பதே சாட்சியைக் கலைத்துவிடும். பழக்கத்திலுள்ள பயிற்சிப் பலகைகள் பலவற்றில், கணிப்பொறி அதன் வாயிலைத் திறந்த மாத்திரத்திலேயே சில்லு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். 'படிக்கத்தானே செய்தேன்' என்று பணியாள் சொல்லும்; அந்தப் படிப்பே நேற்றிரவு முதல் உறைந்து நின்ற நிலையை அழித்திருக்கும். அதுபோலவே, 80 எழுத்துள்ள ஒரு வரியைச் சொல்ல மேற்கண்ட வேகத்தில் ஏறத்தாழ 7 மில்லி விநாடிகள் ஆகும். சில்லுக்கு அது நீண்ட நேரம். வேகத்தால் விளையும் கோளாறு, கூடுதலாக ஒரு வரி பேசச் சொன்ன உடனே மறைந்துவிடுவதும் உண்டு. எனவே கருவியின் விளக்கத்திலேயே, 'இதைப் பயன்படுத்தினால் சாதனம் மீண்டும் தொடங்கக்கூடும்' என்று ஒளிக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

அமானிதம்

வாசகர்களே! இனிச் சொல்லவிருப்பது இளைஞர்களுக்கு மட்டுமன்று. வீட்டுப் பெரியவர்களும் அறிய வேண்டியது.

பதிவேட்டில் கோளாறு மட்டும் இருப்பதில்லை. அவசரத்தில் எழுதப்பட்ட நிரல்கள் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக்கூட அப்படியே பதிந்து விடுவதுண்டு. எந்த நேரத்தில் கதவு திறந்தது, எந்த நேரத்தில் விளக்கு அணைந்தது என்பவையும் அதில் இருக்கும். பணியாள் பெரும்பாலும் தொலைவிலுள்ள கணிப்பொறியில் இயங்குவது. அங்கே செல்லும் ஒவ்வொரு வரியும் வீட்டைவிட்டு வெளியே செல்லும் வரி. அது நம்மிடமுள்ள அமானிதம். மறைக்க வேண்டியவற்றை மறைத்த பின்னரே கருவி அவற்றை ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் கவனத்துக்குரியது. பதிவேட்டின் சொற்கள் அனைத்தும் சாதனத்தின் சொந்தச் சொற்கள் அல்ல. அருகிலுள்ள வைஃபைகளின் பெயர்களைச் சாதனம் பதிகிறது என்று கொள்ளுங்கள். அப்பெயரை வைப்பவர் யார்? அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். தெருவில் போகும் எவராகவும் இருக்கலாம். பெயருக்கு 32 பைட்டுகள் வரை இடமுண்டு. 'எல்லாவற்றையும் அழித்துவிடு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒருவர் பெயர் வைத்தால், அவ்வரி பணியாளின் கண்ணில் படும். அறியாத பணியாள் அதைத் தன் எசமானரின் கட்டளை என்று மயங்கக்கூடும். மொழி மாதிரிகளுக்குரிய இந்தப் பலவீனத்துக்கு 2022-இல் 'ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்' என்று பெயரிட்டனர். முழுமையான மருந்து இன்னும் கிடைக்கவில்லை. சாட்சி சொல்வது சாட்சியமே. அது உத்தரவு ஆகாது. இந்த வேறுபாட்டைப் பணியாளின் அறிவை நம்பி விட்டுவிடாமல், கருவியின் அமைப்பிலேயே காக்க வேண்டும்.

முதலில் கண், பிறகு கை

எப்படிக் காப்பது? பார்க்கும் கருவியையும் மாற்றும் கருவியையும் தனித்தனியே வைப்பதுதான் வழி. பதிவேட்டைப் படிப்பது ஒன்று. சாதனத்தின் நினைவகத்தை அழித்துப் புதிய நிரலை ஏற்றுவது முற்றிலும் வேறொன்று. அழித்தால், கோளாற்றுக்கான சான்றும் சேர்ந்தே அழிந்துவிடும். இஎஸ்பி-32 போன்ற சில்லுகளில் 'இ-ஃப்யூஸ்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு பிட்டை ஒருமுறை எரித்துவிட்டால் பழைய நிலைக்கு எவராலும் திருப்ப முடியாது. இத்தகைய கையைப் பணியாளிடம் கொடுப்பதானால், ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் 'ஆம்' என்று சொன்ன பின்னரே அது அசைய வேண்டும்.

இது வீண் அச்சமன்று. 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒருவருடைய கணிப்பொறிப் பணியில் ஈடுபட்டிருந்த செயற்கை நுண்ணறிவுப் பணியாள், 'எதையும் மாற்றாதே' என்று சொல்லியிருந்தும், நடப்பிலிருந்த தகவல் தொகுப்பை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. 'செய்யாதே' என்ற சொல் மட்டும் வேலியாகாது என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை. செய்யவே இயலாதபடி கருவியைக் கொடாமலிருப்பதே வேலி.

உங்கள் இல்லத்தில் பொறியியல் படிக்கும் மகனோ மகளோ இருக்கக்கூடும். இரவெல்லாம் விழித்து, கம்பிகளும் சில்லுகளுமாக அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவு ஒரு காரணத்தைச் சொன்னால், 'எந்த வரியைக் கொண்டு இதைச் சொல்கிறாய்? அந்த வரியை எடுத்துக் காட்டு' என்று அதனிடம் கேட்க வேண்டும். எடுத்துக் காட்டினால், பதிவேட்டில் அவ்வரி உண்மையிலேயே இருக்கிறதா என்று தாமே சென்று பார்க்க வேண்டும். இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். காட்டாவிட்டால், அது எவ்வளவு அழகாகப் பேசினாலும் ஊகம்தான். ஆதாரம் கேட்பது அவமதிப்பன்று. அறிவைத் தேடுவோரின் முதற் பண்பு அது.

இறுதியாக, மீண்டும் டைலர் நகரத்து அறைக்கு வருவோம். இன்றுள்ள கூர்மையான பணியாள் ஒன்று அன்று அங்கே இருந்து, தெராக்-25-இன் திரையைப் படித்திருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்களா? பிழைத்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. படிப்பதற்கு இருந்தது 'கோளாறு 54' என்ற ஒரு வரிதானே! திருத்தம் எப்போது நடந்தது, காந்தம் எந்த நிலையில் இருந்தது, எவ்வளவு கதிர் சென்றது என்பவை பதியப்படவில்லை. எத்தனை கூரிய கண்ணும், எழுதப்படாததைப் படிக்க முடியாது.

ஆகவே முதற்கடமை படிப்பவருடையது அன்று, சாதனத்தைச் செய்பவருடையது. நேரத்தோடு, காரணத்தோடு, புரியும் சொற்களில் உண்மையைச் சொல்ல அவர் அதற்குக் கற்பிக்க வேண்டும். அதைப் பொறுமையாகக் கேட்கும் கண்ணைப் பணியாளுக்குக் கொடுப்பது இரண்டாம் கடமை. எதையும் மாற்றும் கையை மனிதர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வது மூன்றாவது. நாளை ஒரு மருத்துவமனைச் சாதனத்தைச் செய்யப் போகும் பிள்ளை இன்று உங்கள் வீட்டு மாடியில், தொட்டியின் நீர்மட்டம் காட்டும் சிறு பொம்மையைச் செய்து கொண்டிருக்கலாம். அந்தப் பொம்மை நிற்கும்போது வெறும் எண்ணைச் சொல்கிறதா, காரணத்தைச் சொல்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.